ஏரி தளும்புது... பறவையைக் காணோமே! வண்டலூர் சுற்றுவட்டார 'சீசன்' ரகசியம்

வண்டலூர்: வடகிழக்கு பருவமழை ஓய்ந்து மார்கழிப் பனி விழ ஆரம்பித்ததும் தாம்பரம், வண்டலூர், மேடவாக்கம் பக்கத்து குடும்பங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்கு ஒன்று கிடைத்து விடும். "ஏரிக்கு பறவையெல்லாம் வந்திருக்காம், பார்த்துட்டு வரலாம்" என்று பிள்ளைகளை பைக்கில் ஏற்றிக்கொண்டு கிளம்பி விடுவார்கள். போகிறவர்களில் பாதிப் பேர் ஏமாந்துதான் திரும்புகிறார்கள். ஏரி கடல் போல தளும்பி நிற்கும். நடுவில் நாலு நீர்க்காகம் முங்கி முங்கி எழும். கரையில் ஒத்தைக் கொக்கு. அவ்வளவுதான்!

அதே ஏரிக்கு மாசி கடைசியிலோ பங்குனியிலோ போனால் கதையே வேறு. தண்ணீர் பாதியாக இறங்கி, ஓரமெல்லாம் சேறு தெரியும். அந்த சேற்றில் நாரை, உள்ளான், அரிவாள் மூக்கன் என்று கூட்டம் களை கட்டும். ஆனால் அது பரீட்சை நேரம். வெயிலும் ஏறி விடும். பார்க்கத்தான் ஆள் இருக்காது.

"நல்லா மழை பெஞ்சா பறவை வரும்" என்று ஊரில் சொல்வது பாதி உண்மை. மீதிப் பாதி, தண்ணீர் எவ்வளவு ஆழம், கரை எப்படி இருக்கிறது என்பதில் அடங்கி இருக்கிறது. இது பறவை பார்ப்பவர்களுக்கு மட்டும் உள்ள விஷயம் இல்லை. தென்சென்னை புறநகரில் ஏரிகளை ஆழப்படுத்துவது, நடைபாதை போடுவது என்று வேலைகள் நடக்கும்போது, வேலை முடிந்த பிறகு அங்கே பறவை தங்குமா, தங்காதா என்பதையும் இதுதான் தீர்மானிக்கிறது.

காலுக்கேத்த தண்ணி

பறவைகளில் நீந்துகிறவை கொஞ்சம்தான். நடந்து இரை தேடுகிறவைதான் அதிகம். நெடுங்கால் உள்ளானை எடுத்துக் கொள்ளுங்கள். கருப்பு சிறகு, வெள்ளை வயிறு, குச்சி போல சிவப்புக் கால். அந்தக் கால் தரையைத் தொட வேண்டும். முழங்கால் அளவு தண்ணீர் என்பது நமக்கு ஒன்றுமில்லை. அதற்கு அது வெள்ளம். கொசு உள்ளான் என்று ஒன்று இருக்கிறது. எடை 25 கிராம் வாக்கில்தான் இருக்கும். அதற்கு தண்ணீரே தேவை இல்லை, ஈரச் சேறு போதும். அந்த சேற்றில் நெளியும் புழு பூச்சிதான் சாப்பாடு.

சங்குவளை நாரை ஏறக்குறைய 1 மீட்டர் உயரம் நிற்கும். மஞ்சள் மூக்கைத் திறந்தபடி தண்ணீருக்குள் விட்டு, அப்படியும் இப்படியும் துழாவிக்கொண்டே நடக்கும். மீன் மூக்கில் பட்டதும் டக்கென்று மூடிக் கொள்ளும். கண்ணால் பார்த்துப் பிடிப்பதை விட தொட்டுப் பிடிப்பதுதான் அதன் வேலை. மீன் நெருக்கமாக இருந்தால்தான் இந்த வித்தை பலிக்கும். ஏரி நிறைந்திருக்கும்போது மீன் நாலாபக்கமும் சிதறிக் கிடக்கும். தண்ணீர் சுருங்கச் சுருங்க மீன்கள் ஒரே இடத்தில் ஒதுங்கும். அப்போதுதான் நாரைக்கு விருந்து.

வாத்துகளிலும் ரகம் உண்டு. குளிர்காலத்தில் வரும் நீலச்சிறகி, ஊசிவால் வாத்து, தட்டைவாயன் எல்லாம் முழுசாக முங்குகிற சாதி கிடையாது. தலையை மட்டும் உள்ளே விட்டு, வாலை மேலே தூக்கி, எட்டும் ஆழத்தில் மேயும். 10 அடி ஆழத்தில் கிடக்கும் பாசியும் விதையும் அதற்கு வானத்து நிலா மாதிரி. பகலில் நடு ஏரியில் மிதந்து ஓய்வெடுக்கும், மேய்ச்சலுக்கு ஆழம் குறைந்த இடத்தைத் தேடிப் போகும்.

ஆழமான தண்ணீர் யாருக்கு லாபம்? முங்கிப் பிடிக்கும் நீர்க்காகம், பாம்புத்தாரா, முக்குளிப்பான் ஆகியவற்றுக்கு. பறந்தபடி கொத்தும் ஆலாவுக்கு. நீந்திக்கொண்டே பை போன்ற அலகால் மீனை அள்ளும் கூழைக்கடாவுக்கு. டிசம்பரில் தளும்பும் ஏரியில் இந்த நாலைந்து மட்டும் கண்ணில் படுவதற்கு இதுதான் காரணம்.

டிக்கெட் இல்லாத பறவைகள்

வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவில் கூண்டுப் பறவைகளைப் பார்க்க கூட்டம் முண்டியடிக்கும். அதே பூங்காவுக்குள் கூண்டே இல்லாமல், யாரும் பிடித்து வராமல், தானாக வந்து தங்கும் பறவைகள் ஓட்டேரி ஏரியில் இருக்கின்றன. (புரசைவாக்கம் பக்கத்து ஓட்டேரி வேறு, இது வேறு!) வக்கா, பாம்புத்தாரா, நீர்க்காகம், அரிவாள் மூக்கன், நாரை என்று மழை கைகொடுத்த வருஷங்களில் மரமெல்லாம் பறவையாக இருக்கும்.

சென்னை மிருகக்காட்சி சாலை 1855-ம் ஆண்டு எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் தொடங்கியது. பிறகு சென்டிரல் பக்கம் பீப்பிள்ஸ் பார்க்குக்கு மாறியது. இடம் போதாமல் வண்டலூர் காட்டுக்கு வந்து, 1985-ம் ஆண்டு ஜூலை 24-ந்தேதி அப்போதைய முதல்-அமைச்சர் எம்.ஜி.ஆர். திறந்து வைத்தார். இப்போது பரப்பு 602 ஹெக்டேர், அதாவது கிட்டத்தட்ட 1,490 ஏக்கர். இவ்வளவு பெரிய முள்காடு நகரத்தின் விளிம்பில் வேலி போட்டு காப்பாற்றப்பட்டதால்தான் ஓட்டேரி ஏரிக்கும் உயிர் இருக்கிறது. விலங்குகளுக்காக போட்ட வேலி, விலாசம் இல்லாத பறவைகளுக்கும் பாதுகாப்பு ஆகி விட்டது.

ஆனால் ஒரு சிக்கல். இந்த ஏரிக்கு வருஷம் முழுக்க தண்ணீர் கொண்டு வரும் ஆறு கிடையாது. சுற்றியுள்ள காட்டிலும் மேட்டிலும் பெய்யும் மழைதான் ஓடி வந்து சேர வேண்டும். சென்னை வட்டாரத்தில் வருஷத்துக்கு சராசரியாக 1,400 மில்லிமீட்டர் மழை. அதில் சுமார் 60 சதவீதம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டித் தீர்த்து விடும். அந்த 3 மாதம் ஏமாற்றினால் ஏரியும் ஏமாற்றும். அப்படி வறண்டு, பறவைகள் எட்டிக்கூட பார்க்காத வருஷங்களை ஓட்டேரி பார்த்திருக்கிறது.

தண்ணீர் இருந்தும் மரம் இல்லாவிட்டால்? அந்தக் கஷ்டத்தை 2016-ம் ஆண்டு டிசம்பர் 12-ந்தேதி வார்தா புயல் காட்டியது. மணிக்கு 100 கிலோ மீட்டருக்கும் அதிகமாக வீசிய காற்றில் பூங்காவில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. சீரமைப்புக்காக பூங்காவையே மூடி வைக்க வேண்டி வந்தது. கூடு கட்டும் பறவைக்கு கிளை வேண்டும். அதுவும் தண்ணீரை ஒட்டி, முடிந்தால் தண்ணீருக்குள்ளேயே நிற்கும் மரத்தின் கிளையாக வேண்டும். காரணம் சிம்பிள். மரத்தைச் சுற்றி தண்ணீர் இருந்தால் நாயும் பூனையும் கீரியும் கிட்டே வராது. தண்ணீர் வற்றினால் அந்தக் காவல் போச்சு!

முட்டை வைத்து, அடைகாத்து, குஞ்சு பொரித்து, அது பறந்து போக நாரைக்கும் கூழைக்கடாவுக்கும் மொத்தம் 3, 4 மாதம் ஆகும். டிசம்பர், ஜனவரியில் கூடு கட்டினால் ஏப்ரல் வரை அடியில் தண்ணீர் நிற்க வேண்டும். சுற்றுவட்டாரத்தில் குஞ்சுகளின் சாப்பாட்டுக்கு மீனும் கிடைக்க வேண்டும். அதாவது ஒரே பறவைக்கு கூடு கட்ட ஒரு நிறைந்த ஏரி, இரை தேட பக்கத்தில் வற்றிக்கொண்டிருக்கும் பல ஏரிகள். ஒரு ஏரியை மட்டும் காப்பாற்றினால் போதாது என்று பறவை ஆர்வலர்கள் சொல்வதன் கணக்கு இதுதான்.

'ஆஸ்திரேலியா பறவை' உண்மையா?

சீசன் வந்தால் போதும், "ஆஸ்திரேலியாவில் இருந்து பறவைகள் படையெடுப்பு" என்று ஒரு பேச்சு கிளம்பி விடும். பத்திரிகைகளும் இதில் சளைத்தவை இல்லை. வேடந்தாங்கலில் கூடு கட்டும் பறவைகளைக் காட்டி "சைபீரியா விருந்தாளிகள்" என்று படம் போடுவது பல வருஷத்துப் பழக்கம்.

உண்மை என்னவென்றால், இங்கே கூடு கட்டி குஞ்சு பொரிக்கும் சங்குவளை நாரை, கூழைக்கடா, நத்தை குத்தி நாரை, வக்கா, பாம்புத்தாரா எல்லாமே நம்ம ஊர்ப் பறவைகள். தண்ணீர் இருக்கும் இடத்தைத் தேடி தமிழ்நாடு, ஆந்திரா, கர்நாடகா என்று தென்னிந்தியாவுக்குள் சுற்றி வருகிறவை. பாஸ்போர்ட் தேவையே இல்லை!

வெளிநாட்டில் இருந்து வருகிறவை வேறு. நீலச்சிறகி, ஊசிவால் வாத்து, தட்டைவாயன், பலவகை உள்ளான்கள். மத்திய ஆசியா, சைபீரியா பக்கம் பனி மூடும்போது செப்டம்பர், அக்டோபரில் கிளம்பி வரும். இங்கே சாப்பிடும், தூங்கும், கொழுக்கும். முட்டை மட்டும் போடாது. மார்ச், ஏப்ரலில் ஊருக்குத் திரும்பி அங்கேதான் குடும்பம் நடத்தும். கூட்டில் குஞ்சு இருக்கிறது என்றால் அது உள்ளூர்க்காரி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

சங்குவளை நாரையின் முதுகுப்புறம் வால் பக்கம் ரோஸ் கலர் இறகு இருக்கும். அதைப் பார்த்து பூநாரை என்று அடித்துச் சொல்கிறவர்களும் உண்டு. அலகைப் பார்த்தால் குழப்பம் தீர்ந்தது. நாரைக்கு நீண்ட மஞ்சள் அலகு. பூநாரைக்கு நடுவில் ஒடிந்தது மாதிரி வளைந்த அலகு. தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக வைத்து, தண்ணீரை வடிகட்டிச் சாப்பிடும். அதன் ரோஸ் நிறமும் சாப்பாட்டில் இருந்து வருவதுதான்.

ஆபீசர் போட்ட உத்தரவு

வண்டலூரில் இருந்து ஜி.எஸ்.டி. ரோட்டில் தெற்கே போனால் வேடந்தாங்கல். சுற்றுவட்டார ஏரிப் பறவைகளுக்கு தாய்வீடு என்று சொல்லலாம். ஏரியின் பரப்பு சுமார் 30 ஹெக்டேர்தான். வெள்ளைக்கார சிப்பாய்கள் பறவைகளை சுட்டதைப் பார்த்து ஊர்க்காரர்கள் கலெக்டரிடம் புகார் செய்ய, 1798-ம் ஆண்டு செங்கல்பட்டு கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் பறவைகளைக் காக்க உத்தரவு போட்டுக் கொடுத்தார் என்பது வரலாறு.

ஊர்க்காரர்களுக்கு பறவை மேல் வெறும் பாசம் மட்டும் இல்லை. ஆயிரக்கணக்கான பறவைகளின் எச்சம் விழுந்த தண்ணீர் வயலுக்குப் பாயும்போது அதுவே உரம். ஏரியும், பறவையும், நெல்லும் ஒரே கணக்குப் புத்தகத்தில் இருந்தன. தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் இன்று அந்த வயல் இல்லை. ஆயக்கட்டு போய் அபார்ட்மெண்ட் வந்து விட்டது. ஏரியால் தனக்கு என்ன லாபம் என்று சொல்லத் தெரிந்த விவசாயி இல்லாத இடத்தில் ஏரிக்காகப் பேச ஆளும் குறைந்து போனது.

செம்பரம்பாக்கம்: குடிநீரா, பறவையா?

வண்டலூர் - மீஞ்சூர் வெளிவட்டச் சாலையில் ஏறி குன்றத்தூர் பக்கம் போனால் செம்பரம்பாக்கம் ஏரி. மொத்த உயரம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. சென்னையின் குடிநீர்த் தொட்டி. 2015-ம் ஆண்டு டிசம்பர் 1-ந்தேதி இரவு வினாடிக்கு 29 ஆயிரம் கன அடி வரை தண்ணீர் திறந்து விடப்பட்டு அடையாறு ஊரையே மூழ்கடித்ததை முடிச்சூர்வாசிகள் முதல் சைதாப்பேட்டைவாசிகள் வரை யாரும் மறக்க மாட்டார்கள்.

பெரிய ஏரி என்பதால் பறவை எக்கச்சக்கம் என்று நினைத்துப் போனால் மழைக்காலத்தில் ஏமாற்றம்தான். நடுவில் ஆலாக்கள், கூழைக்கடாக்கள், நீர்க்காகங்கள். கண்ணுக்கு எட்டாத தூரத்தில் புள்ளி புள்ளியாக வாத்துகள். நீர்மட்டம் இறங்கி, மதகுக்கு எதிர்ப்புறம் உள்ள தாழ்வான கரையில் சேறும் புல்லும் வெளியே வரும்போதுதான் நடைப்பறவைகள் இறங்கும். ஏரியின் ஒருபக்கம் கட்டிய கரை, மறுபக்கம் மெதுவாக சரியும் நிலம். பழைய ஏரிகள் எல்லாமே இப்படித்தான் அமைந்திருக்கும். அந்த சரியும் பக்கம்தான் பறவைகளின் டைனிங் டேபிள்.

அதற்காக ஏரி வற்ற வேண்டும் என்று யாரும் வேண்டிக்கொள்ள முடியாது. 2019-ம் ஆண்டு ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் கிட்டத்தட்ட காலி. ஜோலார்பேட்டையில் இருந்து ரெயிலில் தண்ணீர் கொண்டு வந்தார்கள். மனிதனுக்கே குடம் தண்ணீர் இல்லாத நேரத்தில், வெடித்த ஏரித் தரையில் பறவைக்கும் வேலை இல்லை. மெதுவாக வற்றுவது பறவைக்கு வரம், ஒரேயடியாக வறள்வது சாபம்.

கிழக்கே பள்ளிக்கரணை, மேற்கே அடையாறு

தாம்பரத்தை நடுவில் வைத்துப் பார்த்தால் தண்ணீர் இரண்டாகப் பிரிகிறது. மேற்கே ஆதனூர், மண்ணிவாக்கம், முடிச்சூர் தண்ணீர் அடையாற்றுக்குப் போகிறது. கிழக்கே சேலையூர், சிட்லபாக்கம், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், மாடம்பாக்கம் ஏரிகளின் உபரி கடைசியில் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் போய் சேரும். இப்படி 30-க்கும் மேற்பட்ட ஏரிகளின் தண்ணீர் அங்கே இறங்கி, ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், கோவளம் முகத்துவாரத்தில் கடலைத் தொடுகிறது.

பள்ளிக்கரணை ஏன் பறவைகளுக்கு சொர்க்கம்? இயற்கையாகவே ஆழம் குறைவு. எங்கு பார்த்தாலும் தட்டையான தண்ணீர், நடுநடுவே கோரை. பூநாரை, உள்ளான், வாத்து, நாமக்கோழி, நீலத் தாழைக்கோழி என எல்லோருக்கும் ஏதோ ஒரு மூலையில் சரியான ஆழம் கிடைத்து விடும். ஒரு காலத்தில் 5 ஆயிரம் ஹெக்டேருக்கு மேல் பரந்து கிடந்த இடம் இது. பெருங்குடி குப்பைமேடு ஒரு பக்கம், ரோடும் கட்டிடமும் மறுபக்கம் என்று தின்றது போக மிச்சத்தில் 317 ஹெக்டேர் 2007-ல் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022-ல் சுமார் 1,247 ஹெக்டேருக்கு ராம்சர் அந்தஸ்து கிடைத்தது. உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்பதற்கான சர்வதேச அங்கீகாரம் அது. ராம்சர் எல்லை எதுவரை, அதை ஒட்டி கட்டிடம் கட்டலாமா என்ற விவகாரம் 2025-ல் பசுமைத் தீர்ப்பாயம், ஐகோர்ட்டு வரை போனது.

வேளச்சேரி - தாம்பரம் ரோட்டில் பஸ்சில் போகிறவர்கள் ஜன்னல் சீட்டில் உட்கார்ந்தாலே நாமக்கோழியைப் பார்த்து விடலாம். உடம்பெல்லாம் கருப்பு, நெற்றியில் மட்டும் பளிச்சென்று வெள்ளை. நாமம் போட்டது மாதிரி இருப்பதால்தான் அந்தப் பெயர். யார் வைத்த பெயரோ, பார்த்தவுடன் மறக்காது.

அழகுபடுத்தினா போதுமா?

மேட்டருக்கு வருவோம். ஏரியை சீரமைக்கிறோம் என்று வரும்போது பொதுவாக என்ன நடக்கிறது? ஆகாயத்தாமரையை அள்ளுகிறார்கள். கழிவுநீர் கலப்பதைத் தடுக்க முயற்சி நடக்கிறது. இதெல்லாம் நல்ல காரியம். 2019 கோடையில் சிட்லபாக்கம் ஏரியில் பொதுமக்களே மண்வெட்டியும் கையுமாக இறங்கி சுத்தம் செய்தபோது ஊரே கைதட்டியது.

அடுத்து பொக்லைன் இறங்கும். ஏரியை ஆழமாகத் தோண்டி, எடுத்த மண்ணை சுற்றிலும் கொட்டி செங்குத்தாக கரை போடுவார்கள். மேலே நடைபாதை, விளக்கு, உட்கார பெஞ்ச். தண்ணீர் அதிகம் தேங்கும், நிலத்தடி நீர் ஊறும், ஆக்கிரமிப்புக்கு வேலி. எல்லாம் சரி. ஆனால் ஏரி கிண்ணம் மாதிரி ஆகி விடும். கரையில் இருந்து காலை வைத்தால் நேராக ஆழம். உள்ளான் எங்கே நிற்கும்? நாரை எங்கே நடக்கும்? கோரைப்புல் இல்லாத இடத்தில் தாழைக்கோழி எங்கே முட்டை வைக்கும்? ஏரி பளபளக்கும். மிதப்பது நீர்க்காகமும் பிளாஸ்டிக் பாட்டிலும்தான்!

மக்களுக்கு வாக்கிங் போக இடம் வேண்டாமா என்று கேட்டால், வேண்டும்தான். இதற்கு வழி இல்லாமல் இல்லை. நடைபாதையை ஒரு பக்கத்தோடு நிறுத்திவிட்டு, எதிர்ப்பக்கத்தை சரிவாக விடலாம். நடுவில் மண் திட்டு விட்டு கருவேல மரம், நீர்க்கடம்பு நடலாம். ஏரிக்குள் மண் திட்டில் மரம் வைத்தால் சில வருஷத்தில் வக்காவும் நீர்க்காகமும் குடிவந்து விடும். இரவில் ஏரியை நோக்கி அடிக்கும் விளக்கைத் திருப்பி வைத்தால் இன்னும் நல்லது. கூடுதல் செலவு பெரிதாக இல்லை. தோண்டுவதற்கு முன்பே பிளானில் யோசிக்க வேண்டும் என்பதுதான் கேள்வி. தோண்டிய பிறகு மாற்றுவது கஷ்டம்.

சீமைக்கருவேலத்திலும் இப்படி ஒரு குழப்பம் உண்டு. தண்ணீரை உறிஞ்சும் எதிரி என்று வேரோடு பிடுங்கச் சொல்கிறார்கள். வேறு மரமே இல்லாத ஏரியில் கொக்கும் வக்காவும் அந்த முள்ளில்தான் கூடு கட்டி இருக்கும். முதலில் நாட்டு மரத்தை வளர்த்துவிட்டு, கூடு கட்டும் காலம் முடிந்த பிறகு இதை வெட்டினால் இரண்டு பக்கமும் பிரச்சினை இல்லை.

வீட்டுக்குள் விழும் ஆறுமணிக்குருவி

ஏரி மட்டும்தான் பறவை பார்க்கும் இடமா? ஐப்பசி பிறந்தால் புறநகர் வீடுகளில் ஒரு அதிசயம் நடக்கும். காலையில் கதவைத் திறந்தால் போர்டிகோவில், துணி துவைக்கும் கல் பக்கத்தில், பச்சை, நீலம், மஞ்சள், சிவப்பு எல்லாம் அள்ளிப் பூசிய குட்டைவால் குருவி ஒன்று திருதிருவென உட்கார்ந்திருக்கும். யாரோ வளர்த்த வெளிநாட்டுக் கிளி தப்பித்து வந்து விட்டது என்று போன் பறக்கும்.

அதுதான் ஆறுமணிக்குருவி. பொன்னுத்தொட்டான் என்றும் சொல்வார்கள். காலை 6 மணி வாக்கிலும் மாலை 6 மணி வாக்கிலும் குரல் கொடுப்பதால் இந்தப் பெயர். வட இந்தியாவிலும் மத்திய இந்தியாவிலும் கூடு கட்டிவிட்டு, குளிர்காலத்துக்கு தமிழ்நாடு, கேரளா, இலங்கை என்று இறங்கி வரும். ராத்திரியில் பறக்கும். களைத்துப் போனாலோ, கண்ணாடியிலோ சுவரிலோ மோதினாலோ விழுந்து விடும்.

காகமும் பூனையும் நெருங்காமல், காற்றோட்டம் உள்ள அட்டைப்பெட்டியில் வைத்து, இருட்டாக அமைதியாக விட்டால் பெரும்பாலும் சில மணி நேரத்தில் தெளிந்து விடும். வாயில் தண்ணீர் ஊற்றுவது, சோறு ஊட்டுவது கூடாது. தெளிந்ததும் மரம் செடி உள்ள இடத்தில் விட்டு விடலாம். இறக்கையில் அடி என்றால் வனத்துறைக்கு தகவல் சொல்ல வேண்டும். "அழகா இருக்கே, வளர்க்கலாமே" என்று கூண்டில் போட்டால் 1972-ம் ஆண்டு வன உயிரின பாதுகாப்பு சட்டப்படி கேஸ் ஆகும்.

இந்தக் குருவிக்கு பூங்கா என்றால் சிமெண்டு பாதையும் வெட்டிய புல்தரையும் இல்லை. உதிர்ந்த இலைக் குப்பை வேண்டும். அதைக் கிளறித்தான் புழு பொறுக்கும். 1937-ல் தாம்பரத்துக்கு வந்த சென்னை கிறிஸ்தவக் கல்லூரியின் சுமார் 365 ஏக்கர் வளாகம், வண்டலூர் காடு, நன்மங்கலம் காப்புக்காடு ஆகியவை இதனால்தான் அதற்குப் பிடிக்கும். நன்மங்கலத்தில் இன்னொரு ஸ்பெஷல், கைவிடப்பட்ட கல்குவாரிப் பாறைகளில் குடியிருக்கும் கொம்பன் ஆந்தை. மனிதன் குடைந்து விட்டுப்போன பள்ளம் ஆந்தைக்கு வீடாகி விட்டது. தெருமுனை பூங்காவில் தினமும் இலையைப் பெருக்கி கொளுத்துவதை நிறுத்தி, ஒரு மூலையில் அப்படியே விட்டாலே தவிட்டுக்குருவிக் கூட்டம் முதலில் வந்து சேரும்.

போகிறவர்கள் கவனத்துக்கு

வண்டலூர் பூங்காவுக்கு செவ்வாய்க்கிழமை விடுமுறை. காலை 9 மணிக்குத்தான் திறப்பார்கள். மரத்துக் குருவிகளுக்கு அது லேட்; நீர்ப்பறவைக்கு பரவாயில்லை. வெளியில் உள்ள ஏரிகளுக்கு சூரியன் முதுகுப்பக்கம் இருக்கிற மாதிரி கரையைத் தேர்ந்தெடுத்தால் நிறம் தெளிவாகத் தெரியும். 8-க்கு 40 பைனாகுலர் இருந்தால் போதும், பெரிய கேமரா கட்டாயம் இல்லை. கூட்டின் அருகே போய் செல்பி எடுத்தால் தாய்ப்பறவை எழுந்து விடும். அந்த கேப்பில் காகம் முட்டையை அடித்து விடும்.

நெடுங்குன்றம் ஏரிப் பக்கம் போகிறவர்கள் பறவையை மட்டும் பார்த்துக்கொண்டு தண்ணீர் ஓரம் இறங்க வேண்டாம். அந்த வட்டார ஏரிகள் சிலவற்றில் சதுப்பு நில முதலைகள் உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜம் புயல் மழையின்போது பெருங்களத்தூர் - நெடுங்குன்றம் ரோட்டில் முதலை ஒன்று ஹாயாக குறுக்கே போன வீடியோ பரபரப்பானது நினைவிருக்கும். அதுவும் மீன் தின்னத்தான் அங்கே இருக்கிறது, வம்புக்கு வராது. நாமும் போகக்கூடாது.

பார்த்ததை எழுதி வைப்பது இப்போது ஈசி. 1978-ல் தொடங்கிய மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட் சொசைட்டி போன்ற அமைப்புகள் பல ஆண்டுகளாக நோட்டில் எழுதி வந்த கணக்கை இன்று செல்போனிலேயே இ-பேர்டு ஆப்பில் ஏற்றி விடலாம். பொங்கல் விடுமுறையில் தமிழகம் முழுக்க பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு 2015-ல் தொடங்கியது. குறைந்தது 15 நிமிடம் ஒரு இடத்தில் நின்று, பார்த்த பறவைகளை எண்ணி பதிவு செய்தால் போதும். மொட்டைமாடி, தெரு, ஏரிக்கரை எங்கிருந்தும் எண்ணலாம். காக்கா, மைனாவையும் சேர்த்துத்தான். வற்றும் ஏரிக் கூட்டத்தைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் பொங்கலோடு நிறுத்தாமல் பிப்ரவரி கடைசியிலும், மார்ச் நடுவிலும் அதே இடத்துக்கு மறுபடி போய் எண்ண வேண்டும். அப்போது அதே கரையில் நின்றால் நீர்மட்டம் எவ்வளவு இறங்கியிருக்கிறது, எந்தக் காலுக்கு எந்த ஆழம் என்பது கண்ணெதிரே தெரியும்.